மேரிக்கா எழுதிய ஏழு டீவியேஷன்

எங்கள் ஆபீஸில் வந்து அருள்மேரி எங்கே என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். மேரிக்கா எங்கே என்று கேளுங்கள், வாசல் செக்யூரிட்டிகூட, "இப்பதான் வண்டில போச்சு, எதுனா எழுதிகினு வரும்" என்பார். சேரப்பணஞ்சேரிக்காரர். நாற்பத்தாறு வயது, என் தோள் உயரம், நடை மட்டும் ஓட்டம். கணவர் சூசைராஜ் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறார். மகள் பெனிஷா நர்சிங் இரண்டாம் வருஷம்.

நான் சசிரேகா, மண்ணூர். புள்ளியியல் படித்தவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் அம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மேரிக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஆபீஸில் ஒருத்தன், "அவங்கள பத்தி எழுத இன்னா கீது? நாலு ஊரு, ஒரு ஸ்கூட்டி, அவ்ளோதானே" என்றான். அவன் கிடக்கிறான்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தலையும் புரியாது வாலும் புரியாது. ரத்தச் சோகைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரை இருக்கிறதே, அந்த இரும்புச்சத்து மாத்திரை, அதைவிடச் சீக்கிரம் ரத்தம் ஏற்றும் என்று ஒரு கம்பெனி புதிதாக ஒன்று கொண்டுவந்தது. நிஜமாகவே ஏற்றுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஹாஸ்டலில் தங்கி ஃபேக்டரிக்குப் போகும் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே அளவு. பெட்டிமேல் நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பரில் எது என்று சாப்பிடுகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிற மேரிக்காவுக்கும் தெரியாது, கணக்குப் போடும் எனக்கும் கடைசிவரை தெரியாது. மூன்று மாதம், தினமும் ஒரு மாத்திரை. மாதாமாதம் பழைய பெட்டியைத் திருப்பித் தந்து புதுப் பெட்டி வாங்கவேண்டும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, முடிவில் ஒன்று.

இதையெல்லாம் எப்படிச் செய்யவேண்டும் என்று நூற்றுப்பத்துப் பக்கத்தில் ஒரு புத்தகம் உண்டு. அதற்குப் பேர் புரோட்டோகால். அதில் சொன்னபடி நடக்காத ஒவ்வொன்றும் டீவியேஷன். இருபத்தெட்டாம் நாள் வரவேண்டியவள் ஓவர்டைம் பார்த்துவிட்டு முப்பத்துமூன்றாம் நாள் வந்தால் அது ஒரு டீவியேஷன். மாத்திரையை டீயோடு விழுங்கினால் இன்னொன்று. இவையெல்லாம் சின்னவை. ரத்த மாதிரி கெட்டுப்போனாலோ, மாத்திரையே மாறிப்போனாலோ பெரியது. பெரியதோ சின்னதோ, நடந்ததை நடந்தபடி படிவத்தில் எழுதிப் போடவேண்டும்.

மேரிக்கா போடுவார், எல்லாவற்றையும் போடுவார். "பங்கேற்பாளர் 117 இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிவிட்டார், நான்கு மணி நேரம் தாமதம்." "பங்கேற்பாளர் 64 மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினார், அவ்வாறு விழுங்கலாமா என்பது பக்கம் 38-இல் இல்லை." வாழைப்பழத்துக்கெல்லாமா ஒரு படிவம்? நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். "நீதானே படிச்சவ, பழத்தோட உள்ள போனா இன்னா ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்? எழுதறது என் வேலை, இன்னா ஆவும்னு பாக்கறது உன் வேலை" என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் போனேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒரகடத்தில் பிடித்தது. பதினாலு வருஷம் ஒரு பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் கடைசியில் நின்றார். வரும் பாகத்தைத் தடவிப் பார்ப்பார், அளவு பார்ப்பார், கோளாறு இருந்தால் சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்குவார். ஒரு நாள் நானூறு பாகத்துக்கு மொத்தமாகச் சீட்டுக் கட்டிவிட்டார். சூப்பர்வைசர் வந்து, லாரி நிற்கிறது, கழற்று என்றான். "நீயே கழட்டிக்க, உன் கையெழுத்துப் போட்டுக் கழட்டிக்க" என்றாராம். அவனும் கழற்றவில்லை, இவரும் கழற்றவில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு காகிதம் வந்தது, யாரும் காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் முப்பதைத் தாண்டிய பெண்ணை லைனில் எடுக்க அவ்வளவு லேசில் யாரும் முன்வருவதில்லை. நாற்பத்துமூன்றில் இவர் போய் நின்ற இடத்திலெல்லாம், "உங்க பொண்ணு இருந்தா அனுப்புங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது மேரிக்கா சிரிப்பார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் எங்கள் டாக்டர் நெல்லையப்பன்தான் வேலை கொடுத்தார். திருநெல்வேலிக்காரர், முப்பது வருஷமாக இங்கே இருந்தும் பேச்சு மாறாதவர். மேரிக்காவுக்கு எல்லா ஹாஸ்டல் வார்டனையும் தெரியும், எல்லா ஷிஃப்ட் பஸ் நேரமும் தெரியும் என்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். கழுத்தில் 'கள ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை தொங்கியது. முதல் நாள் அதை வீட்டில்கூடக் கழற்றவில்லை என்று சூசைராஜ் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

இந்த ஆராய்ச்சி நன்றாகப் போனால் இரண்டாம் கட்டம் உண்டு, மூன்று வருஷம், ஆயிரம் பெண்கள். அதில் மேரிக்காவுக்கு இடம் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்த ஒருங்கிணைப்பாளர் பேரில் ஐந்துக்கு மேல் பெரிய டீவியேஷன் இருக்கிறதோ அவரை இரண்டாம் கட்டத்துக்கு எடுக்கமாட்டார்கள். மேரிக்கா பேரில் ஏற்கெனவே நான்கு. கரண்ட் போய் ரத்தம் கெட்டது இரண்டு, திருவிழாவுக்கு ஊருக்குப் போன இரண்டு பேர் மாதம் முழுக்க வராதது இரண்டு. இன்னும் ஒன்று தாங்கும். அதற்குமேல் வந்தால் வேலை போச்சு. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் "உங்க பொண்ணை அனுப்புங்கம்மா"தான்.

இப்படி இருக்கும்போது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வேறு யார், நான்தான்.

இரண்டாம் மாதப் பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. ஒரு பெட்டியில் முப்பது மாத்திரை, இருபத்தெட்டு நாள், ஆக மிச்சம் இரண்டு இருக்கவேண்டும். இருக்குமா? மனுஷர்கள் சாப்பிடும் மாத்திரை இல்லையா? ஒருத்தி ஐந்து தருவாள், ஒருத்தி ஒன்பது தருவாள், ஒருத்தி பெட்டியையே தொலைத்துவிட்டு அசடு வழிவாள். ஆனால் பென்னலூர் ஹாஸ்டலில் பதினாலாம் நம்பர் ரூம் பெண்கள் ஆறு பேரும் முதல் மாதமும் சரியாக இரண்டு, இரண்டாம் மாதமும் சரியாக இரண்டு. ஆறு பேர், இரண்டு மாதம், ஒரு மாத்திரை பிசகவில்லை. எனக்கு ஏதோ உதைத்தது.

மேரிக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார்.

"நல்ல பொண்ணுங்கதானே இதுங்க."

"அவ்ளோ நல்ல பொண்ணுங்க உலகத்துல கிடையாதுக்கா. நானே ஜுரத்துக்கு அஞ்சு நாள் மாத்திரைய அஞ்சு நாளும் போட்டதில்ல."

"அதுவும் சரிதான்" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்பினார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். கணக்குப் போடுகிறவள் பெண்களை நேரில் பார்க்கக்கூடாது என்று புரோட்டோகாலில் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆர்வக்கோளாறு, வேறென்ன.

வார விடுமுறை என்பதால் ரூமில் ஆறு பேரும் இருந்தார்கள். துணி துவைத்துக் கொடி முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ரூமுக்குப் பெரியவள் சின்னப்பொண்ணு, இருபத்தேழு வயது, செஞ்சிப் பக்கம். மொபைல் சார்ஜர் லைனில் ஆறு வருஷமாக இருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தியை டீ போட விரட்டினாள்.

"சின்னப்பொண்ணு, உன் மாத்திரைப் பெட்டி எங்கமா?" என்று கேட்டார் மேரிக்கா.

"இதோக்கா" என்று அலமாரிமேல் இருந்து ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் சிவப்பு மாத்திரை, குவியலாக. அலமாரியில் ஆறு காலிப் பெட்டிகள் அடுக்கி இருந்தன.

"இன்னாடி இது?"

"ஆறு பேருதுந்தான்க்கா. நம்ம ரூமுல வந்தது ரூமுக்கு. ஊறுகா, ஷாம்பு, அயன்பாக்ஸ், எல்லாம் அப்படித்தான். காலைல மூணு பேரு அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடறாளுங்க, மாத்திரைய மறந்துடறாளுங்க. அதான் நானே வாங்கி இதுல கொட்டிட்டேன். ஆளுக்கு ஒன்னு கையில குடுத்து, முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பேன். ஒருத்தியும் ஒரு நாள்கூட உட்டதில்லக்கா." எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

"மாசம் முடிஞ்சா?" என்றேன் நான்.

"பெட்டிக்கு ரெண்டு போட்டு அனுப்பிடுவேன். பன்னெண்டு மிச்சம் வரும், ஆறு பேரு, சரியா வரும்ல?"

வரும், ஏன் வராது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இவர்களைப்போல ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை. இவர்களைப்போல எல்லாவற்றையும் நாஸ்தி பண்ணியவர்களும் யாரும் இல்லை.

மேரிக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இதுல சிலது பழைய மாத்திரை, சிலது புது மாத்திரை. எது எதுன்னு எனக்கே தெரியாது. அவங்க அவங்க பெட்டிய அவங்க அவங்கதான் சாப்புடணும்னு சொன்னேன்ல? இப்போ யாரு எத்தனை சாப்ட்டீங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

சின்னப்பொண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் ஒரே செகப்பா இருந்துச்சேக்கா. எங்கள தூக்கிடுவீங்களா? எனக்கு முந்தி லைன்ல நிக்கறப்ப கண்ணக் கட்டும். இந்த ரெண்டு மாசமாத்தான் இல்ல."

மேரிக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுதினா இதுங்கள தள்ளிடுவீங்களா சசி? ஃபேக்டரியில சீட்டு கட்டினா அது ஸ்கிராப்தான். இங்க எப்படி?"

"யாரையும் தள்ள மாட்டோம்க்கா" என்றேன். "குலுக்கல்ல பேர் வந்துட்டா கடைசி வரைக்கும் கணக்குல உண்டு. ஒழுங்கா சாப்ட்டவளும் உண்டு, சாப்பிடாதவளும் உண்டு, மாத்திச் சாப்ட்டவளும் உண்டு. ஒழுங்கானவள மட்டும் பொறுக்கி எடுத்தா அப்புறம் குலுக்கலுக்கு என்ன மரியாதை?"

"அப்போ இதுங்களுக்கு ஒன்னும் ஆவாது."

"ஆவாது."

அப்படியென்றால் ஆகப்போவது யாருக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தப் பெண்களுக்குத் தெரியாது. டீ வந்தது, நான் குடித்தேன். எப்போது மயக்கம் வரும், இப்போது எப்படி இருக்கிறது என்று ஆறு பேரிடமும் கதை கேட்டேன். மேரிக்கா டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் அவரவர் பேர் எழுதி, மூன்றாம் மாதத்துக்குக் கைவசம் இருந்த மாற்றுப் பெட்டியைத் தனித்தனியாகக் கொடுத்தார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றார்.

"நீ ஏன் ஒன்னும் பேசாம வர?"

"என்ன பேசறது?"

"'எழுதாதக்கா, யாருக்கும் தெரியாது'ன்னு நீ சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலும் ஆறும் பத்து. பேஜாரா பூட்ச்சு சசி" என்றார். வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் என் மேஜைமேல் படிவங்கள் இருந்தன. எண்ணினேன், ஏழு. ஆறு பேருக்கு ஆறு, சரி. ஏழாவது என்ன? எடுத்துப் படித்தேன். "புள்ளியியலாளர் திருமதி சசிரேகா அனுமதியின்றி ஹாஸ்டலுக்கு வந்தார். ஆறு பங்கேற்பாளர்களையும் சந்தித்தார். அவர்களுடைய உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்டார். டீ குடித்தார்."

எனக்கு வந்ததே கோபம்! நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். "இன்னாக்கா இது? உங்க வண்டிலதானே வந்தேன்? என்னையே போட்டுக் குடுத்திருக்கீங்க?"

"வண்டில கூட்டினு போனது என் தப்பு. அதையும் கீழ எழுதி கீறேன் பாரு."

பார்த்தேன். எழுதியிருந்தார்.

"டீ குடிச்சது எதுக்கு?"

"குடிச்சியா இல்லியா?"

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் நண்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டும் பேசாமல் இருக்க நான் என்ன கல்லா?

மூன்றாம் மாதம் முடிந்தது. எந்தப் பெட்டியில் எது என்ற ரகசியத்தைத் திறப்பதற்கு முன்பே எல்லா டீவியேஷனையும் உட்கார்ந்து பிரித்துவிடவேண்டும், எது பெரியது எது சின்னது என்று. முடிவைப் பார்த்துவிட்டுப் பிரித்தால் கை நமக்கு வேண்டிய பக்கம்தான் போகும். கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும். நாங்கள் எழுதியிருந்தது இதுதான்: முதல் கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உண்டு, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கத்தில். தீர்ப்பு அதுதான். இரண்டாவது கணக்கு பெரிய டீவியேஷன் இல்லாதவர்களுக்கு மட்டும். அது பக்கத்தில் நிற்கும் சாட்சி.

கூட்டத்துக்கு மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஜீவானந்தம் என்று ஒருவர் வந்திருந்தார். எங்களைக் கண்காணிப்பவர், இஸ்திரி கலையாத சட்டை. மேரிக்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜீவானந்தம் ஏழு படிவத்தையும் சத்தமாகப் படித்தார். டீ வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "நல்ல டீயா மேடம்?" என்றார். நான் நிமிரவே இல்லை.

"இவங்க பேர்ல பத்து பெரிய டீவியேஷன் ஆகுது டாக்டர். விதி அஞ்சு" என்றார் பிறகு.

டாக்டர் நெல்லையப்பன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜீவா, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அந்த ஆறும் இந்தம்மா செஞ்ச தப்பா, கண்டுபிடிச்ச தப்பா? டப்பாவப் பாத்துட்டு மூடி வச்சிருந்தாங்கன்னா இவங்க பேர்ல நாலுதான் இருந்திருக்கும். நாலுன்னா வேலை உண்டு, எழுதினா வேலை கிடையாதுன்னா, அடுத்த தடவை யாரு எழுதுவா?"

நான் சும்மா இருப்பேனா? "டீவியேஷனே வராத ஒருங்கிணைப்பாளர் வேணும்னா சொல்லுங்க சார், ஆபீஸ்ல உக்காந்தே நானே பெட்டிக்கு ரெண்டு மாத்திரை போட்டு அனுப்பறேன்" என்று எகிறினேன். டாக்டர் கையைக் காட்டி அமர்த்தினார்.

ஜீவானந்தம் கெட்டவர் இல்லை. கண்டுபிடித்து எழுதியதை ஒருங்கிணைப்பாளர் பேரில் சேர்க்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். "அருள்மேரி மேடம் இரண்டாம் கட்டத்துல இருக்காங்க" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. மேரிக்கா எழுந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய் சூசைராஜ் அண்ணனுக்குப் போன் பண்ணினார். "நான் கீறேன்யா! வேலையில கீறேன்!" என்று கத்தியது எங்களுக்கு உள்ளே கேட்டது.

அடுத்த வாரம் ரகசியம் திறந்தது. எந்த நம்பரில் எது என்ற பட்டியல் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. எல்லோரையும் சேர்த்து முதல் கணக்கை ஓட்டினேன். புது மாத்திரை சாப்பிட்ட பக்கத்தில் ரத்தம் ஏறியிருந்தது. பழைய மாத்திரை சாப்பிட்ட பக்கத்திலும் ஏறியிருந்தது. புதியது கொஞ்சம் கூட, ஆனால் அந்தக் கொஞ்சம் குலுக்கலின் அதிர்ஷ்டத்தாலேயே வந்திருக்கலாம் என்று தள்ளவேண்டிய அளவு. புதியது ஜெயித்தது என்று சொல்ல நாங்கள் முன்பே போட்டுவைத்த கோட்டை மயிரிழையில் தாண்டவில்லை. இரண்டாவது கணக்கை ஓட்டினேன், பதினாலாம் நம்பர் ரூமையும் மற்றப் பெரிய டீவியேஷன்களையும் விட்டுவிட்டு. மயிரிழையில் தாண்டியது.

சரிபார்க்கிறேன் என்று சொல்லி இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார். "அதாம்மா, என்ன செய்ய. எழுதி வச்சது முதல் கணக்குல்லா" என்றார்.

ஜீவானந்தம் போனில் வந்தார். குரலில் அந்த இஸ்திரி இல்லை. "டாக்டர், ரெண்டாவது கணக்கை முன்னாடி போட முடியாதா? மாத்திரையை மாத்திச் சாப்பிட்டவங்களை எதுக்கு எண்ணணும்? நியாயமே இல்லையே."

"பொட்டி திறக்கதுக்கு முந்தி நீங்களும் கையெழுத்துப் போட்டீங்கள்லா ஜீவா. ரெண்டு கணக்கையும் போடுவோம், எது முதல்னு எழுதினோமோ அது முதல்" என்றார் டாக்டர். ஜீவானந்தம் என்னையும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இரண்டாம் கட்டம் கிடையாது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். மேரிக்காவுக்குக் கிடைத்த வேலை இப்போது இந்த உலகத்திலேயே இல்லை. என்னுடையதும் இல்லைதான், ஆனால் எனக்கு முப்பத்தொன்று, சென்னையில் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். கூட்டத்தில் அவருக்காக எகிறியவள் நான். கணக்கைப் போட்டு அவர் வேலையை முடித்தவளும் நான். நீயே சொல்லிவிடு என்று டாக்டர் என் தலையில் கட்டினார். பென்னலூருக்கு பஸ் ஏறினேன்.

ஹாஸ்டல் வாசலில் மேரிக்கா பெண்களுக்குக் கடைசி ரத்தப் பரிசோதனையின் முடிவுச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த சீட்டுக்கட்டை ரப்பர் போட்டுக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அப்புறம் வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அழாதீங்கக்கா" என்றேன்.

"வேலை போனா அழமாட்டாங்களா? உடு, கொஞ்சம் அழறேன்" என்றார்.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு நேராகப் பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன், எட்டாவது படிவத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"புது மாத்திரையால பெருசா ஒன்னும் கூடுதல் இல்லமா. பழைய மாத்திரையே போதும். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரில சும்மாவே தராங்க, அங்க போயி வாங்கிக்கோங்க. நிறுத்திடாதீங்க."

"நாங்க ஆறு பேரும் கலந்ததாலதான் இப்படி ஆச்சாக்கா? நாங்கதான் கெடுத்துட்டமா?" சின்னப்பொண்ணு குரல்.

"நீங்க ஒன்னும் கெடுக்கல. நாளைக்கு இந்த மாத்திரை கடைக்கு வந்தா ரூமுக்கு ரூமு இப்படித்தான்டி சாப்பிடுவாங்க. அப்படிச் சாப்ட்டா ஏறுதா ஏறலியான்னுதானே தெரியணும்? நீ கொட்டி வெச்ச டப்பாவையும் சேத்து எண்ணினாத்தான் அது தெரியும்."

எட்டு வருஷம் புள்ளியியல் படித்த எனக்கு இதை இவ்வளவு நேராகச் சொல்ல வந்ததில்லை.

அந்த வாரம் முழுக்க ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய் அத்தனை பெண்களுக்கும் இதையே சொன்னார். கடைசி நாள் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"சசி, அந்த ஆறு பேர தள்ளிட்டு எண்ணியிருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்க்கா."

"உனக்கும்?"

"எனக்கும்."

"தள்ளலாம்னு உனக்குத் தோணுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "தோணுச்சுக்கா. ரெண்டு நாள் தோணிக்கிட்டே இருந்துச்சு. சரிபாக்கறேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். ஃபைலைத் திறந்து, ரெண்டாவத முதல்ல போட்டு, ஒரு தடவை சேவ்கூட பண்ணேன். அப்புறம்தான் அழிச்சேன்."

மேரிக்கா திட்டுவார் என்று நினைத்தேன்.

"எழுதி வெச்சியா?" என்றார்.

"இல்லக்கா."

பஸ் வந்துவிட்டது. ஏறு ஏறு என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.